கடவுச்சீட்டிலிருந்து கழுவிய சப்பாத்து வரை: யாழ்ப்பாணத்து அணியொன்றை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது எப்படி

போட்டிக்கு 11 நாள் இருக்கும்போது கடவுச்சீட்டுகள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தன. வாசிகசாலை மேசையில் உறைகளைப் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மொத்தம் 18 உறை. 11 பேருக்கு விசா கிடைத்திருந்தது. மற்ற 7 உறைக்குள்ளும் மறுப்புக் கடிதம். அந்த ஏழு பேரில் ஒருவன் எங்கள் கோல்காப்பாளர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை அண்ணை, நீங்கள் போய் வெண்டு வாங்கோ" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிழை அவனுடையதல்ல, என்னுடையது. பதினெட்டுப் பேருக்கும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தவன் நான்தான். அணியாகப் போகிறோம், அணியாகத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். விசா அதிகாரி அணியைப் பார்ப்பதில்லை. தனித்தனியாகப் பதினெட்டு மனிதரைப் பார்க்கிறார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் பயணங்கள் ஒழுங்காக நடந்தன. கீழே எழுதியிருப்பது அந்த அனுபவத்தில் வந்தது. உதைபந்தாட்டமோ கரப்பந்தாட்டமோ துடுப்பாட்டமோ, வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

உதாரணங்களை நான் கூடுதலாக றக்பி லீக்கிலிருந்து எடுக்கிறேன். நம் ஊரில் அது பழக்கமில்லாத ஆட்டம். கண்டியிலும் கொழும்பிலும் ஆடுவது 15 பேர் ஆடும் றக்பி யூனியன். லீக் என்பது 1895 இல் இங்கிலாந்தின் வடக்கு ஊர்க் கழகங்கள் பிரிந்துபோய் உண்டாக்கியது, அதில் அணிக்கு 13 பேர். சிட்னியில் பரமட்டாப் பக்கம் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். அவர்கள் சொல்லச் சொல்லக் கவனித்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. சொந்த ஊரை விட்டுக் கடல் கடந்து போட்டி வைக்கப் பலமுறை முயன்று, சிலமுறை வென்று, சிலமுறை நன்றாகச் சூடுபட்ட ஆட்டம் அது. அவர்கள் பட்டதை நாம் படத் தேவையில்லை.

முதலாம் படி: எந்த வகைப் பயணம் என்று தீர்மானியுங்கள்

விமானச் சீட்டு விலை பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். விளையாடுவதற்குப் பிள்ளைகளுக்குக் காசு கிடைக்கிறதா, இல்லையா? விசாவின் வகையை அதுதான் தீர்மானிக்கும்.

பிரித்தானியாவுக்கு, காசு வாங்காமல் ஒரு போட்டித் தொடரில் ஆடிவிட்டு வருபவர் சாதாரண வருகையாளர் விசாவிலேயே போகலாம். பரிசுப் பணம் வாங்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 408 என்ற தற்காலிக விசா வகையில் விளையாட்டுக்கென்று ஒரு பிரிவு உண்டு. உங்கள் போட்டிக்கு அது வேண்டுமா, வருகையாளர் விசா போதுமா என்பதை அழைக்கும் கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் தொழில்முறை அணிகளுக்கு பி-1 (P-1) என்ற வகை. அதற்கு அங்குள்ள ஓர் அமைப்பு முதலில் மனுப் போட்டு அனுமதி எடுக்க வேண்டும். ஊதியம் வாங்காத ஆட்டக்காரர் வேறொரு பி (B) வகையான வருகையாளர் விசாவில் போகலாம், ஆனால் கொழும்புத் தூதரகத்தில் ஆளாளாக நேர்முகம் இருக்கும்.

ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே முதலியவற்றுக்கு, பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். பிந்தினால் 15 நாளுக்கு முன்னாவது போட்டாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுக்கலாம். இந்த 45 என்ற எண்ணை வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். பாரிசில் ஓர் ஆட்டம், சூரிச்சில் ஓர் ஆட்டம் என்று இருந்தால், கூடுதல் நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக்காரர் இருக்கும் நாடு, விசா இலேசாகக் கிடைக்கும் என்று ஊரில் பேசப்படும் நாடு என்று தெரிவு செய்யக் கூடாது.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது எப்போதும் அருகிலுள்ள நாடுதான். சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. மலேசியாவுக்கு இணையவழி விசா. இந்தியாவுக்கென்றால் துணைத்தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. எந்த வகை விசாவில் போட்டி ஆடலாம் என்பதை அங்கேயே கேட்டுவிடலாம். போய்த் திரும்பி வந்த முத்திரை ஒன்று கடவுச்சீட்டில் விழுந்துவிட்டால், ஐரோப்பாவுக்குப் போடும் விண்ணப்பத்துக்கு அது பெரிய பலம்.

இரண்டாம் படி: அழைப்புக் கடிதமும் சங்கத்தின் அனுமதியும்

"அன்பின் தம்பிமாருக்கு, எங்கள் ஒன்றியத்தின் விளையாட்டு விழாவுக்கு வருகை தருக" என்று வரும் கடிதம் மனதுக்கு இதமாக இருக்கும், விசாவுக்கு உதவாது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: அழைக்கும் அமைப்பின் பதிவு இலக்கம், போட்டி நடக்கும் திகதியும் மைதான முகவரியும், எதிரணிகளின் பெயர், ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும், எந்தச் செலவை யார் ஏற்கிறார் என்ற விபரம், தங்குமிடம், திரும்பும் திகதி. கையொப்பமிடுபவர் தொலைபேசியை எடுப்பவராக இருக்க வேண்டும். விசாக் கந்தோரிலிருந்து ஒரு அழைப்புப் போய், மறுமுனையில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று யாரும் சொன்னால் கதை அத்தோடு முடிந்தது.

இதோடு உங்கள் விளையாட்டின் தேசியச் சங்கத்திடம் அனுமதிக் கடிதம் எடுங்கள். மாவட்ட லீக் வழியாகப் போனால் நேரம் எடுக்கும், ஆனால் அதுதான் சரியான வழி. உதைபந்தாட்டத்தில் வேறு நாட்டு அணியோடு ஆடும் நட்பு ஆட்டத்துக்கும் சங்கங்களின் சம்மதம் வேண்டும். அந்தக் கடிதம் விசா அதிகாரிக்கும் ஒரு விடை சொல்கிறது: இப்படியொரு அணி உண்மையிலேயே இருக்கிறது.

அந்தக் கேள்வி ஏன் அவர்களுக்கு வருகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். 2004 செப்டெம்பரில் இலங்கையின் தேசியக் கைப்பந்து (ஹேண்ட்போல்) அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்குப் போனார்கள். உள்ளூர்க் கழகங்களோடு ஆடித் தோற்றார்கள். ஒருநாள் காலையில் ஒருவரையும் காணவில்லை. இலங்கைக்கு அப்போது தேசியக் கைப்பந்து அணி என்று ஒன்று இருக்கவேயில்லை. 2022 இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குப் போன உண்மையான இலங்கைக் குழுவிலிருந்தும் பத்துப் பேர் மறைந்துபோனார்கள். அப்படிப் போனவர்களுக்குத் தங்கள் காரணங்கள் இருந்திருக்கும். நாட்டை விட்டுப் போக மனிதரைத் தள்ளுவது எது என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதன் பாரம் அடுத்து விண்ணப்பிக்கும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது.

மூன்றாம் படி: பெயர்

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். எங்கள் அணிகள் கூடுதலாகத் தடக்கி விழுவது இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். ஒருவன் தகப்பன் பெயரை அங்கே எழுதுவான், அடுத்தவன் தன் பெயரை எழுதுவான், மூன்றாமவன் முதலெழுத்தை மட்டும் எழுதுவான். விதி ஒன்றுதான்: கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதே எழுத்தில், அதே ஒழுங்கில், அழைப்புக் கடிதத்திலும் விசாப் படிவத்திலும் விமானச் சீட்டிலும் காப்புறுதியிலும் வர வேண்டும்.

எங்கள் இடதுபக்க ஆட்டக்காரன் ஒருவன். தகப்பன் பெயர் சிவஞானம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், சாதாரண தரப் பெறுபேற்றில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருந்தார்கள். "ஞா"வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு கந்தோரும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறது. தமிழில் பார்த்தால் ஒரே மனிதர். தமிழ் தெரியாத அதிகாரிக்கு அவர்கள் மூன்று மனிதர். இதற்கு மருந்து, மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த ஒரு சத்தியக் கடதாசி. விண்ணப்பத்தோடு சேர்த்து அதையும் வையுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

போர்க்காலத்தில் பிறந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும். அது ஒரு கிழமையில் முடியும் வேலையல்ல. அணியைத் தெரிவு செய்த அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் போய் "ஆவணங்களைக் காட்டுங்கோ" என்று கேட்பது என் பழக்கம். வெட்கத்தில் சிலர் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அம்மாவிடம் கேட்டால் உண்மை வரும்.

தமிழிலுள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். அணி முழுவதுக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர், ஒரே தரத்தில். கடவுச்சீட்டிலுள்ள எழுத்தைப் பார்த்து அதன்படியே பெயரை எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி முத்திரை தேவைப்பட்டால், அதன் பிராந்தியக் கொன்சியூலர் கந்தோர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

கடவுச்சீட்டு எடுப்பதற்கும் இப்போது பத்தரமுல்லைக்கோ வவுனியாவுக்கோ இரவு பஸ் ஏறி வரிசையில் நிற்கத் தேவையில்லை. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டுக் கந்தோர் திறந்தார்கள். ஆனால் 2024 இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து நாடே வரிசையில் நின்றதை மறக்க வேண்டாம். போட்டி உறுதியாகும்வரை பார்த்திருக்காமல், அணியிலுள்ள எல்லோரையும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது காலம் மிஞ்சியிருக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான். கனிஷ்ட அணியென்றால் இதை முதலில் பாருங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு

எந்த அதிகாரியும் மனதில் கேட்கும் கேள்வி ஒன்று: இவன் ஏன் திரும்பி வருவான்? அமெரிக்கச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. வருகையாளர் விசா கேட்பவர் தங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறார் என்றே முதலில் கொள்ள வேண்டும், அப்படியல்ல என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. மற்ற நாடுகள் வேறு சொற்களில் சொன்னாலும் கேள்வி அதேதான்.

விடை ஒவ்வொருவருக்கும் வேறு. உயர்தரம் படிப்பவனுக்குப் பாடசாலை அதிபரின் கடிதமும் பரீட்சைத் திகதியும். பல்கலைக்கழக மாணவனுக்கு அடுத்த தவணை தொடங்கும் நாள். கடையில் வேலை செய்பவனுக்கு முதலாளியின் விடுமுறைக் கடிதம், சம்பளம் வங்கிக்குப் போகும் கணக்கு. கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளச் சிட்டை எங்கே இருக்கும்? ஆனால் படகுப் பதிவு இருக்கிறது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம் இருக்கிறது, சங்கத்தில் மீன் கொடுத்த கணக்குக் கொப்பி இருக்கிறது. தோட்டம் செய்யும் வீட்டுக்குக் காணி உறுதி, கமநல சேவை நிலையத்தின் கடிதம். இவையெல்லாம் வருமானம்தான், வேரூன்றி இருப்பதற்கான சாட்சிதான். கிராம சேவையாளரின் சான்றிதழை எடுத்துப் பிரதேச செயலாளரிடம் மேலொப்பம் வாங்கிச் சேருங்கள்.

வங்கிக் கணக்கில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்கிறேன். விண்ணப்பத்துக்கு ஒரு கிழமை முன் எல்லாப் பிள்ளைகளின் கணக்கிலும் ஒரே தொகையைப் போட்டோம். ஆறு மாதமாக இரண்டாயிரம், மூவாயிரத்தில் கிடந்த கணக்கில் திடீரென்று இலட்சங்கள். பார்ப்பவருக்கு அது என்னவென்று தெரியாதா? இப்போது நாங்கள் கணக்கைத் தொடுவதேயில்லை. உள்ளதை உள்ளபடி கொடுக்கிறோம். செலவைக் கழகம் ஏற்கிறதென்றால் கழகத்தின் பதிவுச் சான்றிதழ், கூட்ட அறிக்கை, கழகத்தின் வங்கிக் கூற்று. லண்டனிலுள்ள பழைய மாணவர் ஏற்கிறார் என்றால் அவருடைய கடிதம், வருமானச் சான்று, அவருடைய வதிவிட நிலைக்கான ஆதாரம், இந்தப் பிள்ளைக்கு அவர் ஏன் செலவழிக்கிறார் என்பதற்கு நேர்மையான ஒரு பந்தி.

விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தைப் பிள்ளையே எழுத வேண்டும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எந்த வயதில் ஆடத் தொடங்கினான், எந்தப் போட்டியில் ஆடினான், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறான். பத்திரிகையில் வந்த செய்தித் துண்டு, பரிசளிப்புப் படம், சான்றிதழ் இருந்தால் வையுங்கள். என் முதல் தடவையில் பதினெட்டுக் கடிதத்திலும் ஒரே வசனம் இருந்தது. யாரோ ஒருவர் இருந்து அச்சடித்தார் என்று முதல் மூன்றை வாசித்ததுமே தெரிந்திருக்கும்.

பழைய மறுப்பு இருந்தால் மறைக்க வேண்டாம். தகப்பனோ தமையனோ அந்த நாட்டில் தஞ்சம் கேட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கேட்ட இடத்தில் உண்மையை எழுதி, விளக்கத்தை இணையுங்கள். பொய் பிடிபட்டால் அந்தப் பிள்ளைக்குப் பல வருடத் தடை விழலாம்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் சத்தியக் கடதாசியில் வேண்டும். ஒருவர் வெளிநாட்டிலோ காணாமல் போயோ இருந்தால் அதற்குரிய ஆவணத்தைத் தேடவே மாதங்கள் ஆகும். காணாமல் போன தகப்பனின் பத்திரங்களைக் கேட்டு ஒரு தாயிடம் போவது இலேசான வேலையல்ல. தனியாகப் போகாமல், கழகத்திலிருந்து ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

அணிக்குள்ளே பலவகைக் கடவுச்சீட்டு இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2024 மார்ச் 2 இல் அவுஸ்திரேலிய றக்பி லீக் தன் பருவத்தின் முதல் ஆட்டங்களை அமெரிக்காவின் லாஸ் வேகாசில் வைத்தது. மான்லி, சவுத் சிட்னி, சிட்னி ரூஸ்டர்ஸ், பிரிஸ்பேன் என்று நான்கு அணிகள் போயின. 40,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடவுச்சீட்டுக்காரருக்கு அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டம் உண்டு. அந்த ஆட்டத்தின் முதுகெலும்பாக இருக்கும் பசுபிக் தீவுகளின் பிஜி, தொங்கா, சமோவா, பப்புவா நியூகினிக் கடவுச்சீட்டுகளுக்கு அது கிடையாது. பாரிய குற்றத்துக்குக் கைதாகியிருந்தாலும் அந்த இலகு வழி மூடிவிடும், தூதரகம் போயே ஆக வேண்டும். ஒரே உடுப்பறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சப்பாத்துக் கட்டும் இருவருக்கு இரண்டு வெவ்வேறு வரிசை. புலம்பெயர் பிள்ளைகளைச் சேர்த்து நீங்கள் கலப்பு அணி கட்டினால் இதே நிலைமைதான். கனடாக் கடவுச்சீட்டுக்காரன், சுவிசில் அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவன், பருத்தித்துறைக்காரன் என்று மூவருக்கும் மூன்று அட்டவணை போடுங்கள்.

ஐந்தாம் படி: காசு

அழைப்பவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். 2018 ஜூனில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் அமெரிக்காவின் டென்வர் நகரில் றக்பி லீக் சர்வதேச ஆட்டம் ஒன்று ஆடின. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள ஊர் அது. ஆட்டக்காரரை விடுவிக்கக் கழகங்கள் முரண்டுபிடித்தன. ஆட்டம் நடந்தது, இங்கிலாந்து 36-18 என்று வென்றது. ஆனால் ஏற்பாட்டாளர் நியூசிலாந்துச் சங்கத்துக்குத் தருவதாகச் சொன்ன பணம் உரிய நேரத்தில் வரவில்லை. வட அமெரிக்காவில் நடக்கவிருந்த 2025 உலகக் கிண்ணமும் அதன்பின் கைமாறிப் பிரான்சுக்குப் போனது. 2023 இல் நிதிச் சிக்கலால் பிரான்சும் கைவிட்டது. சர்வதேசச் சங்கங்களுக்கே இப்படியென்றால், வாசிகசாலை மேசையில் கணக்கெழுதும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

கனடாவின் ரொறன்ரோவில் வூல்ஃப்பாக் என்ற கழகம் 2017 இல் இங்கிலாந்தின் லீக்கில் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் ஆட முடியாததால் பருவத்தின் தொடக்க ஆட்டங்களை இங்கிலாந்திலேயே ஆடினார்கள். எதிரணிகள் ரொறன்ரோவுக்கு வரும்போது பயணத்தையும் தங்குமிடத்தையும் தாங்களே கொடுத்தார்கள். 2020 இல் முதற்தர லீக்குக்கு ஏறினார்கள். பெருந்தொற்று வந்தது, அந்த ஜூலையில் பருவத்தை முடிக்க முடியாமல் விலகினார்கள். ஆட்டக்காரரின் சம்பளம் நின்றது. இருதரப்புப் பயணச் செலவையும் ஒரே தரப்பு சுமக்கும் ஏற்பாடு, அந்தத் தரப்பு சறுக்கும் நாளில் எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே எங்கள் கழகம் வைத்திருக்கும் ஒழுங்கு இது: தங்குமிடமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் அழைப்பவர் பொறுப்பு, விமானச் சீட்டு எங்கள் பொறுப்பு. விசாக் கட்டணம் திரும்பி வராத காசு என்று முதலிலேயே எழுதிவைக்கிறோம். ஷெங்கன் விசாவுக்கு வளர்ந்தவர் ஒருவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் போனது போனதுதான். பதினெட்டுப் பேருக்கு அது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். விசா கையில் வருமுன் சீட்டை ஒதுக்கி மட்டும் வைக்கலாம், காசு கட்ட வேண்டாம். விசா கிடைக்காதவனின் பெற்றோரிடமிருந்து ஒரு சதமும் வாங்கியிருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நகையை அடகுவைத்த தாய்மாரைக் கண்டிருக்கிறேன்.

ஆறாம் படி: போகும் வழி

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமானது. இங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் சிறிய விமானங்கள் பறக்கின்றன. சென்னையில் மாறி மேலே போவது கவர்ச்சியான யோசனைதான். இரண்டு விடயத்தைப் பாருங்கள். முதலாவது, பலாலியிலிருந்து ஒரு சீட்டும் சென்னையிலிருந்து வேறொரு சீட்டுமாக எடுத்தால், அங்கே பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு இந்திய விசா வேண்டும். இரண்டாவது, சின்ன விமானத்தில் பொதி அளவு குறைவு. பந்துப் பை, மட்டைப் பெட்டி, மருத்துவப் பெட்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுத்துப் பாருங்கள். கட்டுநாயக்கா வழியென்றால் விமானத்துக்கு முந்தின இரவே கொழும்பில் நில்லுங்கள். ஏ9 வீதியில் பஸ் பழுதாகி நின்றால் விமானம் காத்திருக்காது.

ஆட்டத்துக்கு எத்தனை நாள் முன் போய் இறங்குவது? சிட்னிக்கும் லாஸ் வேகாசுக்கும் மார்ச்சில் 19 மணி நேர வித்தியாசம். அந்த அணிகள் பல நாள் முன்னதாகவே போய்விட்டன. நமக்கு லண்டனென்றால் நாலரை அல்லது ஐந்தரை மணிதான். இரண்டு முழு நாள் இருந்தால் பிள்ளைகளின் கால் சரியாகிவிடும். குளிருக்கு அதைவிடக் கூடுதல் நாள் வேண்டும்.

மைதானத்தின் அளவையும் தரையையும் கேட்டு வையுங்கள். றக்பி லீக் மைதானம் 68 மீற்றர் அகலம். அமெரிக்கர் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்போல்' மைதானம் 49 மீற்றர்கூட இல்லை. அந்த ஆட்டத்துக்குக் கட்டிய லாஸ் வேகாஸ் அரங்கில் வழமையைவிட ஒடுங்கிய மைதானத்தில்தான் லீக் ஆட்டங்கள் நடந்தன. நம் பிள்ளைகள் மணலிலும் கல்லுத் தரையிலும் வளர்ந்தவர்கள். செயற்கைப் புல்லில் நம் சப்பாத்துக் குமிழ்கள் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். அதற்குரிய சப்பாத்தை அங்கேயே இரவல் எடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

காப்புறுதியைச் சொல்லாமல் விட முடியாது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆனால் பல பயணக் காப்புறுதிகள் ஒழுங்குபடுத்திய போட்டிகளில் படும் காயத்தை ஏற்பதில்லை. விலக்குப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, ஆட்டக் காயம் சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஏழாம் படி: பெட்டி

அவுஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போவதென்றால் இதை இரண்டு தரம் வாசியுங்கள். வந்திறங்கியதும் நிரப்பும் அட்டையில், மண் ஒட்டிய சப்பாத்து, விளையாட்டுப் பொருள் கொண்டுவருகிறீர்களா என்று கேட்பார்கள். நம் செம்மண் சப்பாத்தின் அடியில் குமிழைச் சுற்றி உட்கார்ந்துவிடும். காய்ந்தால் கல்லு. எங்கள் பெடியள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் கிணற்றடியில் வரிசையாக இருந்து, பழைய பல்லுத் தூரிகையும் ஈர்க்குமாக வைத்துக் குமிழ் குமிழாகத் தோண்டுவார்கள். கழுவின தண்ணி நிறமில்லாமல் ஓடும்வரை விட மாட்டேன். பிறகு இரண்டு நாள் வெயில். கழுவியிருந்தாலும் அட்டையில் "ஆம்" என்று எழுதிக் காட்டுங்கள். காட்டியதற்கு யாரும் தண்டம் போட மாட்டார்கள், மறைத்தால் போடுவார்கள்.

சாப்பாட்டுக்கும் அதே கதைதான். பிள்ளையின் பெட்டியில் மாமிக்கென்று கருவாடும் ஒடியலும் மிளகாய்த்தூளும் அம்மா அடியில் வைத்திருப்பா. பிள்ளைக்கே தெரியாது. புறப்படும் முதல்நாள் எல்லாப் பெட்டியையும் வாசிகசாலையில் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். யாரும் கோபிப்பதில்லை.

எட்டாம் படி: போவதும் வருவதும்

குடிவரவு மேசையில் ஒவ்வொருவனும் தனியாகத்தான் நிற்க வேண்டும். அழைப்புக் கடிதம், போட்டி அட்டவணை, தங்குமிட முகவரி, திரும்பும் சீட்டு, இந்த நான்கின் பிரதியும் அவனவன் கைப்பையில் இருக்கட்டும். முகாமையாளரின் பையில் எல்லாம் இருக்கிறது என்பது அந்த மேசையில் விடையாகாது. எந்த அணியோடு, எந்த நாள், எந்த மைதானத்தில் ஆட்டம் என்பதைத் தானே சொல்லத் தெரிய வேண்டும். புறப்படுமுன் இரண்டு மாலை உட்கார்ந்து பழகுங்கள். கட்டுநாயக்காவில் நம் அதிகாரிகளே கேள்வி கேட்பார்கள், அதற்கும் அதே விடைதான்.

கடவுச்சீட்டை நீங்கள் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டாம். தப்பி ஓடிவிடுவார்கள் என்று பயந்து அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை, பல நாடுகளில் குற்றமும்கூட. அதற்குப் பதிலாகப் போகுமுன் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திப் பேசுங்கள். யார் மீதும் சந்தேகத்தைப் போடாமல், ஒருவர் தங்கிவிட்டால் அடுத்த வருடம் பதினான்கு வயதுக்காரருக்கு என்ன நடக்கும் என்பதை நேராகச் சொல்லுங்கள். அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "தம்பி, நீங்கள் கூட்டிக்கொண்டு போறியள். நாங்கள் வழியனுப்ப மாட்டம், வரேக்கை கூப்பிட வருவம்" என்றா. அவ்வளவுதான் பேசினா.

வந்திறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கும். இலங்கைக்குள் திரும்பி வந்த முத்திரை விழுந்த பக்கத்தை, பஸ் ஏறுமுன்னே, எல்லாரிடமும் வாங்கிப் படம் எடுங்கள். அழைத்த அமைப்புக்கு அதன் பிரதியை அனுப்பிவிடுங்கள். அவர்களும் தங்கள் பெயரை அடகுவைத்தவர்கள். கழகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் முதல் தாளாக அதை வையுங்கள். எங்கள் கோல்காப்பாளரின் கோப்பை அடுத்த வருடம் திரும்ப எழுதினோம், முதலில் மலேசியாவுக்கு. அந்த முத்திரைதான் இப்போது அவன் கோப்பின் முதல் பக்கம். அதன் பின்னால் மறுப்புக் கடிதம் இருக்கிறது, நாலாக மடித்த தடம் இன்னும் அதில் தெரிகிறது.